பாக்கு பூட்டிய வாய்

1952-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் கூடிய சர்வதேசப் பல் வைத்திய மகாநாட்டில், ஷ்வார்ட்ஸ் என்பவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேறியிருந்த இந்தியப் பெண்கள் ஐவருடைய வாய்களில் தாம் கண்டதொரு விசித்திரமான நிலையை எடுத்துரைத்து, காரணம் விளங்கவில்லை என்பதையும் உள்ளடக்கிய ஒரு நீண்ட லத்தீன் பெயரை அதற்குச் சூட்டினார். மறு வருஷம் பம்பாயில் காது, மூக்கு, தொண்டை வைத்தியரான ஜோஷி, அண்ணத்திலும் தொண்டையின் முகப்பிலும் நார் படர்ந்து இறுகிப்போன நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதற்கடுத்த ஆண்டில் தைவான் தீவிலிருந்து ஸூ என்பவர் அதே லட்சணங்களை உடைய வாய்களை வர்ணித்தார். சப்மியூக்கஸ் ஃபைப்ரோஸிஸ் என்று இன்று பல் வைத்தியர்கள் வழங்கும் அந்த வியாதியை, வாசகர்களின் சௌகரியத்தை உத்தேசித்து, வாயிறுக்க நோய் என்றே இங்கு குறிப்பிடுகிறேன்.

கென்யாவிலே குடியேறிய இந்தியப் பெண்களுக்கும் பம்பாய்வாசிகளுக்கும் தைவான் தீவினருக்கும் பொதுவாக இருந்தது என்ன என்று இன்றைக்குக் கேட்டால், பல் மருத்துவக் கல்லூரி மாணவன் எவனும் தயங்காமல் பாக்கு என்று விடை சொல்லிவிடுவான். ஆனால் அந்த விடை ஐயத்துக்கு இடமின்றி நிலைபெறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. நிலைபெற்ற பிறகும், நம்முடைய சட்டமும் ஆஸ்பத்திரிப் படிவங்களும் அதை இன்னும் முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. எளிதில் புலப்பட்டிருக்க வேண்டிய ஒரு காரணம் ஏன் இத்தனை காலம் மறைந்து நின்றது என்பதும், அந்த மறைவின் நிழல் இன்றைய சிகிச்சையின் மேலும் எவ்வாறு படிந்து கிடக்கிறது என்பதும் ஆராயத் தக்கவை.

பாக்கின்மேல் சந்தேகம் ஆரம்பத்திலேயே சிலருக்கு எழுந்ததுண்டு. எனினும் இந்தியாவில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது மிளகாய். காரம் பட்டால் வாய் எரிகிறது என்பதே நோயாளிகளின் முதல் முறையீடாக இருந்தபடியால், எரிச்சலை உண்டாக்கும் பொருளே நோயையும் உண்டாக்கியிருக்க வேண்டும் என்ற அநுமானம் இயல்பாகவே தோன்றிற்று. பம்பாயில் புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ஸிர்ஸாத் அம்மையாரும் கானோல்கரும், மிளகாயின் காரச் சத்தை வெள்ளெலிகளின் அண்ணத்தில் தடவிப் பார்த்து, அங்கே நார் பெருகியதாக 1960-இல் எழுதினார்கள். பிற்காலத்தில் வேறு பிராணிகளின்மேல் செய்த சோதனைகள் இதை உறுதிப்படுத்தவில்லை. அதைக் காட்டிலும், மிளகாயை நம்மைப் போலவே தாராளமாகத் தின்னும் மெக்ஸிகோ தேசத்தில் இந்த நோய் இல்லாதிருப்பதே அந்தக் கொள்கைக்குப் போதிய மறுப்பாயிற்று. நோயினால் மெலிந்துபோன சவ்வு காரத்தைத் தாங்குவதில்லையே ஒழிய, காரத்தினால் சவ்வு மெலியவில்லை. விளைவைக் காரணமென்று எண்ணிய இந்த மயக்கத்துக்கு விஞ்ஞானிகளைக் குறை கூறுவதற்கில்லை. பாக்கோ, மங்கலப் பொருளாகத் தட்டில் வீற்றிருந்தது. விருந்துக்குப் பின் ஜீரணத்துக்கு உகந்தது என்று பாட்டிமார்களால் சிபாரிசு செய்யப்பட்டது. நிச்சயதார்த்தம் முதல் நீத்தார் கடன் வரையில் அதில்லாமல் எந்தக் காரியமும் நடந்ததில்லை. இவ்வளவு மரியாதைக்குரிய ஒரு பொருளை யாரும் முதலில் சந்தேகிப்பதில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் பலவற்றின் முன்னுரையில், சுச்ருதர் ‘விதாரி’ என்று கூறிய தொண்டை நோய் இதுவே என்ற வாக்கியம், ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதிய பான்மையில், தவறாமல் இடம்பெற்று வருகிறது. விதாரிக்குச் சொல்லப்பட்டுள்ள செந்நிற வீக்கமும் தசை அழுகலும், வெளிறி வற்றி இறுகும் இந்த நோயோடு பொருந்துமா என்று மூலத்தைப் புரட்டிப் பார்ப்பவர் சிலரே. பழம்பெருமை நோயாளிக்கு மருந்தாவதில்லை.

சந்தேகத்தை அறிவாக மாற்றியது இரண்டு விதமான உழைப்பு. முதலாவது, நுண்ணோக்கியின் கீழ் நடந்தது. டென்மார்க் தேசத்தவரான யென்ஸ் பிண்ட்போர்க் என்னும் வாய் நோய் நிபுணரும் முன் சொன்ன ஸிர்ஸாத் அம்மையாரும் சேர்ந்து, நோயாளிகளின் சவ்வுத் துண்டுகளைப் பரிசீலித்து, மேல்தோல் மெலிவதையும், அதன் அடிப்புறம் முதலில் வீங்கிப் பின் நார்க்கட்டாக மாறுவதையும் படிப்படியாக வகுத்து 1966-இல் வெளியிட்ட விளக்கமே, இன்றளவும் பாடப்புத்தகங்களில் நிலைத்து நிற்கிறது. இரண்டாவது உழைப்பு கிராமங்களில் நடந்தது. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஃபாலி மேத்தாவும் அவருடைய சகாக்களும், 1960-களின் பிற்பகுதியில், பாவநகர், எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், ஸிங்பூம், தர்பங்கா என்ற ஐந்து ஜில்லாக்களில் வீடு வீடாகச் சென்று 50,915 கிராமவாசிகளின் வாய்களைத் திறந்து பார்த்தார்கள். சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் ஸ்ரீகாகுளத்துப் பெண்களின் அண்ணத்தில் உண்டாகும் மாறுதல்கள் முதலாக, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தால் ஒருநாளும் தெரியவந்திராத எத்தனையோ செய்திகளை அந்தப் பயணம் வெளிக்கொணர்ந்தது.

எர்ணாகுளத்தில் கண்டறியப்பட்ட 66 வாயிறுக்க நோயாளிகளை அவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. பதினேழு ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். அந்தக் கால எல்லைக்குள் நூற்றுக்கு 7.6 பேருக்கு வாய்ப் புற்றுநோய் உண்டாயிற்று என்று 1985-இல் வெளியான அறிக்கை கூறிற்று. வாய் திறக்க முடியாத ஒரு சங்கடம் என்று மட்டும் கருதப்பட்ட நோய், உயிருக்கே உலை வைக்கக் கூடியது என்பது, பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில் பேமாஸ்டர் 1956-இலேயே விடுத்த எச்சரிக்கைக்குப் பின், எண்ணிக்கையோடு நிரூபணமாயிற்று. எனக்கு இந்தத் துறையின் ஆராய்ச்சிகளிலெல்லாம் மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுவது இதுதான். புது மருந்து எதையும் அது கண்டுபிடிக்கவில்லை. பளபளப்பான கருவி எதையும் பிரயோகிக்கவில்லை. அதே மனிதர்களிடம் வருஷா வருஷம் திரும்பிச் சென்று, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து எழுதி வைத்தது, அவ்வளவே.

1980-களிலும் அதற்குப் பின்னரும் ஆராய்ச்சிசாலைகள் மிச்ச விஷயத்தை விளக்கின. பாக்கிலே அரிக்கோலின் முதலிய ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. சவ்வுக்கு அடியில் நார்ப்புரதமாகிய கொலாஜனை நெய்துகொண்டிருக்கும் உயிரணுக்களை அவை மிதமிஞ்சித் தூண்டுகின்றன. சுண்ணாம்பு சேரும்போது அரிக்கோலின் வேறொரு ரூபமாக மாறி அந்தத் தூண்டுதலை மிகுவிக்கிறது. பாக்கின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்களோ, பழைய நாரைக் கரைத்தகற்ற உடம்பு அனுப்பும் நொதிகளுக்கு அந்த நார் வசப்படாதபடி அதைப் பதப்படுத்திவிடுகின்றன. தோல் பதனிடுகிறவர் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் இட்டுச் செய்யும் வேலையையே அவை கன்னத்தின் உட்புறத்தில் செய்கின்றன என்று சொல்லலாம். போதாக்குறைக்கு, பாக்கில் மிகுதியாக உள்ள தாமிரச் சத்து, நாரும் நாரும் குறுக்கே பிணைவதற்கு உதவும் லைஸில் ஆக்ஸிடேஸ் என்ற நொதியை ஊக்குகிறது. வரவு பெருகி, செலவு நின்று, இருப்பும் இறுகிவிட்ட பிறகு, இரத்தக் குழாய்கள் நெருக்குண்டு சவ்வு வெளிறிப் போகிறது. நாளடைவில் இறுக்கம் தசை வரைக்கும் இறங்குகிறது.

இனி, இந்த நோயை எப்படி இனங்காண்பது? முற்றிய நிலையில் அதை அறிவதற்குப் பல் வைத்தியர்கூட வேண்டியதில்லை. கன்னத்தின் உட்புறம் சலவைக்கல்லைப் போல வெளுத்து, விரலால் தடவினால் மேலுங்கீழுமாக ஓடும் நார்ப்பட்டைகள் கயிறாகத் தட்டுப்படுகின்றன. உண்ணாக்கு சுருங்கி மொட்டாகிவிடுகிறது. நாக்கை வெளியே நீட்ட முடிவதில்லை. சிலருக்குக் காது அடைப்பும் குரல் மாற்றமும் சேர்ந்துகொள்கின்றன. தன்னுடைய நடு விரல்கள் மூன்றைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று எவரும் கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்ளலாம். சாதாரணமாக மேல்வரிசை, கீழ்வரிசை முன்பற்களுக்கிடையே ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் திறக்கும் வாய், இந்நோய் முற்றியவர்களுக்கு 15 மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடுகிறது. இட்லியைப் பிட்டுப் பிட்டு நசுக்கித்தான் உள்ளே தள்ள வேண்டும். வேறொரு வியாதிக்காக மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், மூச்சுக்குழாயில் குழலைச் செலுத்த வழியின்றி மயக்கவியல் நிபுணர் திணற வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்த நிலையில் கண்டுபிடிப்பதனால் பிரயோஜனம் சொற்பமே. பயன் தரக்கூடிய காலம், வாய் இன்னும் நன்றாகத் திறந்துகொண்டிருக்கையில், காரமும் சூடும் பட்டால் எரிகிறது, அடிக்கடி கொப்புளம் போடுகிறது, வாய் உலர்ந்துபோகிறது என்று நோயாளி முறையிடும் ஆரம்ப காலம். நம்முடைய துரதிருஷ்டம், அந்த முறையீட்டுக்கு நம் வீடுகளிலும் மருந்துக் கடைகளிலும் தயாரான பதில்கள் இருக்கின்றன. உடம்புச் சூடு என்பார் ஒருவர்; வயிற்றுப்புண் என்பார் மற்றொருவர்; மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப் பாலும், இல்லாவிட்டால் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் கைக்கு வருகின்றன. அவற்றால் தீங்கில்லை, ஆனால் அவை தரும் சிறு ஆறுதலில் ஒன்றிரண்டு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன, பாக்கும் நிற்பதில்லை.

சிகிச்சையைப் பற்றிச் சொல்லப் புகுந்தால், பட்டியல் நீளமானது. ஸ்டீராய்டையும், திசுக்களின் இறுக்கத்தைத் தளர்த்தும் ஹையலூரோனிடேஸையும் கன்னத்துக்குள் ஊசியாகச் செலுத்துகிறார்கள். தக்காளிச் சிவப்பின் சத்தாகிய லைக்கோப்பீன், மஞ்சளின் சத்து, சோற்றுக்கற்றாழை, ஸ்பைருலினா, இரத்த ஓட்டத்தைப் பெருக்கும் பென்டாக்ஸிஃபைலின் எல்லாம் பரீட்சிக்கப்பட்டிருக்கின்றன. முற்றியவர்களுக்கு நார்ப்பட்டைகளை அறுத்துவிட்டு, கன்னக் கொழுப்பையோ மூக்கோரத்துத் தோலையோ திருப்பி அந்த வெறுமையை மூடுகிறார்கள். அறுவை முடிந்த பிறகும், ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களுக்கிடையே அடுக்கி வாயை விரிக்கும் பயிற்சியை மாதக்கணக்கில் விடாமல் செய்யாவிட்டால், ஆறிய புண்ணே சுருங்கி மறுபடி வாயைப் பூட்டிவிடும். அறுவை நிபுணரின் கத்தி சம்பாதித்துத் தந்த மில்லிமீட்டர்களைக் காப்பாற்றுவது, ஒரு விதத்தில், அந்தக் குச்சிகள்தாம்.

இத்தனை சிகிச்சைகளில் எது மெய்யாகவே பலன் தருகிறது? உலகெங்கும் நடந்த சோதனைகளை ஒன்றுதிரட்டி நடுநிலையோடு சீர்தூக்கும் காக்ரேன் குழுவினர், 2008-இல் இந்த நோயைப் பற்றித் தேடியபோது, நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளத் தக்கவையாக அவர்களுக்குக் கிடைத்த சோதனைகள் இரண்டே இரண்டு. அவற்றில் பங்குகொண்ட நோயாளிகள் இரண்டிலும் சேர்ந்து 87 பேர். பிறகு சோதனைகளின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியபோதிலும், இன்ன மருந்துதான் மேலானது என்று அடித்துச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. ஒருவர் மூன்று மாதத்தில் எத்தனை மில்லிமீட்டர் கூடியது என்று அளக்கிறார். மற்றொருவர் எரிச்சல் எத்தனை குறைந்தது என்று கேட்கிறார். நோயின் எந்தக் கட்டத்தில் இருப்பவர்களைச் சேர்த்தார்கள் என்பதும் ஒருவருக்கொருவர் வேறுபடுகிறது.

இதற்குக் காரணம் ஆராய்ச்சியாளரின் அசிரத்தை அன்று என்பதே என் அபிப்பிராயம். நம் நாட்டில் இத்தகைய சோதனைகளில் கணிசமானவை, பல் மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கும் மாணவர்களுடைய ஆய்வேடுகளின் பொருட்டு நடப்பவை. அந்தப் படிப்பின் காலம் மூன்று ஆண்டு. தலைப்பை நிச்சயித்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, நோயாளிகளைச் சேர்த்து முடிக்கும்போது, அவர்களைத் தொடர்ந்து கவனிப்பதற்கு எஞ்சுவது சில மாதங்களே. பதினேழு ஆண்டு பார்த்து உண்மை கண்ட ஒரு நோயை ஆறு மாதச் சாளரத்தின் வழியாகப் பார்த்தால், மருந்தின் குணமும், ஊசி குத்தப்பட்ட பயத்தில் நோயாளி தற்காலிகமாகப் பாக்கை நிறுத்தியதன் குணமும் பிரித்தறிய இயலாமல் கலந்துபோகும். பட்டம் பெற்று மாணவர் போன பின்பு, அவருடைய நோயாளிகளைத் துறையே தத்தெடுத்துக்கொண்டு, அடுத்த மாணவர், அதற்கடுத்த மாணவர் என்று ஒரே பேரேட்டில் எழுதி வருவதற்கு ஏற்பாடு செய்தால், செலவில்லாமலே எர்ணாகுளத்துக்கு நிகரான ஆராய்ச்சிகள் ஒவ்வொரு கல்லூரியிலும் விளையும்.

பாக்கை விட்டுவிட்டால் வாய் பழையபடி ஆகிவிடுமா என்று நோயாளிகள் கேட்கிறார்கள். ஆகாது; படிந்த நார் தானாகக் கரைவதில்லை; புற்றுநோய் அபாயமும் ஒரேயடியாக நீங்குவதில்லை. ஆனால் விடாதவனுக்கு எந்தச் சிகிச்சையும் பலிப்பதில்லை. விடுவதோ சுலபமன்று, ஏனெனில் அரிக்கோலின் மூளையைக் கிளறி மனிதனை அடிமை கொள்ளும் சக்தி உடையது. புகையிலையை விடுவிக்கக் கையாளும் ஆலோசனை முறைகளைத் தழுவி, பாக்குப் பழக்கத்தை விடுவிக்கும் சோதனை ஒன்று பசிபிக் கடலின் குவாம், சைபான் தீவுகளில் நடத்தப்பட்டு, வெறும் கையேட்டைக் கொடுத்து அனுப்பப்பட்டவர்களைவிட ஆலோசனை பெற்றவர்களில் அதிகம் பேர் விட்டார்கள் என்று தெரியவந்திருக்கிறது. நம் பல் ஆஸ்பத்திரிகளில் ஊசி போடுவதற்கு அறை இருக்கிறது. உட்கார வைத்துப் பேசுவதற்கு அறை இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும்.

ஷ்வார்ட்ஸ் கண்டவர்கள் பெண்கள். பாவநகர் ஜில்லாவில் 1990-களில் மறுபடி ஆராய்ந்தபோது கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோர் 35 வயதுக்கு உட்பட்ட ஆண்கள். இந்த மாறுதலைச் செய்தது பொட்டல உறை. வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, இலையைத் துடைத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, சீவலை அளந்து மடிப்பதற்கு வேண்டிய அவகாசமே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. பெட்டிக்கடை வாசலில் சரமாகத் தொங்கும் பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டிக்கொள்ள அந்த அவகாசம் வேண்டியதில்லை. இலை இல்லாத, உலர்ந்த, செறிவான பாக்குத் தூள் நேரே கன்னத்துக்கு வருகிறது. சென்னையின் சந்துகளில் கைம்மாறும் மாவாவும் இதே இனம். தாம்பூலம் தரிப்பவர்களைக் காட்டிலும், புகையிலை கலந்த பாக்குப் பொட்டலமாகிய குட்காவைப் போடுகிறவர்களுக்கு இந்த நோய் மிகச் சீக்கிரத்தில் வந்துவிடுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அரசு சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை உண்டு. ஆனால் அந்தத் தடை நிற்பது உணவுப் பொருளில் புகையிலையும் நிகோட்டினும் கூடாது என்ற விதியின் மேல். புகையிலை கலவாத பாக்குப் பொட்டலம் சட்டத்தின் கண்ணுக்கு நிரபராதி. ‘உடல்நலத்துக்குக் கேடு’ என்று உறையின்மேல் ஒரு வாசகம் அச்சிட்டுவிட்டால் அது ராஜபாட்டையில் நடக்கலாம். தைவானிலே பாக்கைப் புகையிலை சேர்க்காமலே மெல்லுகிறார்கள், அங்கேயும் இந்த நோயும் வாய்ப் புற்றுநோயும் மலிந்திருக்கின்றன. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அத்தகைய சான்றுகளைப் பரிசீலித்து, புகையிலையற்ற தாம்பூலத்தையும் தனிப் பாக்கையுமே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்ற முதல் வகுப்பில் சேர்த்து 2004-இல் நூலாக வெளியிட்டது. வாயை இறுக்குவது புகையிலை அன்று, பாக்குத்தான் என்பது வைத்திய உலகில் முடிந்துபோன வழக்கு.

கமுகு பயிரிடும் குடியானவர்களின் கதி என்ன, கல்யாணத் தட்டில் பாக்கு வைக்கக் கூடாதா என்றெல்லாம் கேட்பவர்கள் உண்டு. வருஷத்துக்கு நாலு முகூர்த்தத்தில் மெல்லும் சீவலைப் பற்றி யாரும் பேசவில்லை. நோயின் கடுமை அளவையும் காலத்தையும் பொறுத்தது. சிறுவர்களின் சில்லறைக்கு எட்டும் விலையில், வாசனையூட்டி, சரஞ்சரமாகத் தொங்கவிடும் பொட்டல வியாபாரத்தைத் தனியாகப் பிரித்துக் கட்டுப்படுத்துவதற்குச் சம்பிரதாயம் குறுக்கே நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. குடியானவரின் பிரச்சினை நியாயமானது. அதற்கு மாற்றுப் பயிர், மாற்று உபயோகம் என்று பல ஆண்டுத் திட்டம் வேண்டும். அதைக் காரணம் காட்டிப் பொட்டலத்தை அதுவரை பொறுத்துக்கொள்வது வேறு விஷயம்.

கண்டறியும் வழியும் நமக்குப் புதிதன்று. சாதாரண சுகாதார ஊழியர்களுக்குச் சில நாள் பயிற்சி தந்தால், வாய்க்குள் பார்த்துச் சந்தேகத்துக்குரியதை அவர்களே இனங்காண்பார்கள் என்பதை 1980-களில் இலங்கை காட்டியது. திருவனந்தபுரத்தை அடுத்த 13 பஞ்சாயத்துகளில் நடந்த பெரும் சோதனை, புகையிலை, மதுப் பழக்கம் உடையவர்களிடையே இவ்விதப் பரிசோதனையால் வாய்ப் புற்றுநோய் மரணம் நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது என்று 2005-இல் அறிவித்தது. அந்தச் சோதனை 35 வயதுக்கு மேற்பட்டவர்களைத்தான் எடுத்துக்கொண்டது. நம் தேசத்தின் தொற்றா நோய்ப் பரிசோதனைத் திட்டமும் வாயைப் பார்க்கத் தொடங்குவது 30 வயதிலிருந்துதான். புற்றுநோய்க்கு அந்த எல்லை பொருத்தமாக இருக்கலாம். கல்லூரியில் படிக்கும்போதே பொட்டலத்தைக் கிழிக்கத் தொடங்கி, இருபத்தைந்தில் வாய் இறுகிப்போகிறவனை அது எட்டுவதில்லை. கல்லூரி, கட்டட வேலைத்தளம், லாரி நிற்கும் இடம் என்று இளைஞர் கூடும் இடங்களில், ஒரு டார்ச் விளக்கும் மில்லிமீட்டர் அளவுகோலும் போதுமான இந்தப் பரிசோதனையைப் பதினெட்டு வயதிலிருந்தே தொடங்கலாம்.

கேள்வியையும் சரியாகக் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் புகை உண்டா, மது உண்டா, புகையிலை உண்டா என்று மூன்று கட்டங்கள் அச்சாகியிருப்பதைப் பார்க்கிறோம். வெறும் பாக்குப் பொட்டலம் போடுகிறவன் மூன்றுக்கும் இல்லை என்று, பொய் கலவாமல், பதில் சொல்கிறான்; வைத்தியரும் அப்படியே எழுதிக்கொண்டு, எரிச்சலுக்கு மாத்திரை தருகிறார். நான்காவது கட்டம் ஒன்று வேண்டும்: பாக்கு உண்டா, உண்டென்றால் தினம் எத்தனை, எத்தனை வருஷமாக, எந்தக் கன்னத்தில் அடக்குவது, சாற்றை விழுங்குவதா துப்புவதா, தூங்கும்போதும் வாயில் வைத்திருப்பதுண்டா. அச்சகத்துக்குக் கூடுதல் செலவு ஒரு வரி. அதை அடுத்த முறை சீட்டு அச்சடிக்கும்போதே சுகாதாரத் துறை சேர்த்துவிடலாம்.